வட்டத்துக்குள்ள ஒரு புள்ளி

ஷூ கடிக்கு. எடது குதிங்காலுக்கு மேல, துணி திணிச்ச எடத்தத் தாண்டி வந்து கடிக்கு, கடிக்கட்டும், நான் நிக்கப் போறதில்ல, நின்னாத்தான் பின்னால ஒரு ஆளு நடந்து வந்து டக்குன்னு நின்ன மாதிரி இருக்கு, நடந்தா என் சத்தத்துக்குள்ள அதுவும் சேந்துக்கிடுது. திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும், அதுக்குப் பயந்துதான் பாக்காம இருக்கேன். கண்ணத் தரையில வையி பிரம்மசக்தி, தரையப் பாரு, கல்லப் பாரு. பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு மூலையில மூணு கல்லு அம்பு மாதிரி வச்சிருந்துச்சு, மூக்கு கெழக்க. பெறவு சைக்கிள் கடைக்குப் பின்னால புல்லுக் கத்தைய முடிஞ்சு சாச்சு வச்சிருந்துச்சு, அதுவும் கெழக்க. ஒரு நாய்க்குட்டி மோந்து பாத்துட்டு அது மேலயே காலத் தூக்கிட்டுப் போச்சு, தடம் போட்ட சார் பாத்திருக்கணும், நல்லா இருந்திருக்கும். மாவட்டத்துல இருந்து வந்த சார் காலையில தனியாப் போயி தடம் போட்டுட்டு வந்துட்டாவ, எங்க போட்டாவன்னு எங்க சாரணப் படை தங்கையா சாருக்கே தெரியாது, அதான் சட்டம். கல்லு, புல்லு முடிச்சு, சுண்ணாம்புக் கோடு, இதப் பாத்துப் பாத்துப் போயி, கடைசி அடையாளத்தக் கண்டுபிடிச்சு, கண்டதும் திரும்பி வந்து சொல்லணும். தனியாப் போணும். யாரும் தடத்துக்குள்ள வரக்கூடாது, வந்தா டெஸ்ட் செல்லாது. மில்லுச் சங்கு ஊதுததுக்குள்ள மைதானத்துல நிக்கணும். இம்புட்டுத்தான். இதுல ஜெயிச்சா சட்டையில தைக்கதுக்குப் பேட்ஜ் மிச்சம் ஒண்ணும் இல்ல, ஆளுநர் விருதுதான். எங்க பள்ளிக்கூடத்துல இதுவரைக்கும் எந்தப் பயலும் வாங்கல. வாங்கியிருப்பான் ஒருத்தன், அவன் இந்த டெஸ்டுக்கு வரல.

வரலன்னா என்ன, செத்துப் போனான், அதச் சொல்லுததுக்கு என்ன. எங்க அண்ணன் நயினார். அவன் ஷூதான் கடிக்கு, அவன் சட்டைதான் முதுகுல ஒட்டுது, பட்டன் எல்லாம் ஆம்பளப் பக்கம். ஊர்ல எல்லாரும் என்னமோ கண்டுபிடிச்ச மாதிரி சொல்லிக்கிடுதாவ, பாவம் அண்ணன் ஆசைய முடிச்சு வைக்குதா புள்ளன்னு. பால் பூத்துல சொல்லுதாவ, கோயில்ல சொல்லுதாவ. எழவு, எனக்கு வேணும்னு ஒருத்தருக்கும் தோணாதா. எனக்கு வேணும். மேடையில ஏறி நிக்கணும், கீழ இருக்க பயலுவ எல்லாம் கை தட்டணும், கை தட்டயில உள்ளுக்குள்ள எரியணும். மாவட்டத்து சார் இன்னைக்கு என்னயத் தொப்பியில இருந்து ஷூ வரைக்கும் பாத்துட்டு, தங்கையா சார் கிட்டத் திரும்பி, பொம்பளப் பிள்ளையளுக்குத்தான் சாரணியர்னு தனியா இருக்கே, அங்க அணிக்கெல்லாம் ரோஜா, தாமரன்னு எவ்வளவு அழகாப் பேரு வச்சிருக்கு, இந்தப் பிள்ளைக்குக் கழுகு அணியில என்ன சோலின்னு கேட்டாவ. நான் அங்கனயே நிக்கேன், என்னயக் கேக்கல. தங்கையா சாரு மெதுவாச் சொன்னாவ, எங்க பள்ளிக்கூடத்துல சாரணியர் கெடையாது சார், டவுன் கான்வென்டுலதான் உண்டு, மாநிலத்துல எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிட்டோம். சரி பாப்போம்னாவ அவிய. அந்தப் ‘பாப்போம்’ இருக்கே, காய்கறிக் கடையில வெண்டைக்காய ஒடிச்சுப் பாக்காவள்லா, அந்தப் பாப்போம். நான் ஒரு நிமிசம் லேட்டா வந்தாப் போதும் அவியளுக்கு. வர மாட்டேன்.

சர்ச்சுப் பக்கம் ஒரு பெருக்கல் குறி. செவுத்துல சுண்ணாம்புல போட்டிருக்கு, இந்த வழி இல்லன்னு அர்த்தம். அப்பம் எந்த வழி. எப்பவும் சர்ச்சுப் பக்கம்தான போகும். நாங்க எல்லாத் தடத்தையும் சர்ச்சு, வாய்க்கால் பாலம், செங்கச் சூளை, அந்த வட்டத்துலதான் போடுவோம், கண்ண மூடிட்டுப் போவேன். இன்னொரு தடவ பாத்தேன், பெருக்கல் குறிதான், நல்லா அழுத்திப் போட்டிருக்கு. கொஞ்சம் தள்ளி முள்ளுச் செடி அடியில அம்பு. மூக்கு தெக்க. தெக்க என்ன இருக்கு. தெக்க பொத்தை இருக்கு, மொட்டைப் பாறையும் நாலு பனையுமா ஒரு குட்டி மல. பொத்தைக்கு அந்தப் பக்கம், பாறை ஒடச்ச எடத்துல தண்ணி நெறஞ்சு, கல்லுக்குழி இருக்கு. அங்க வரைக்கும் போட்டிருக்க மாட்டாவ. வெளியூர்க்காரவ, வெயில்ல அம்புட்டுத் தூரம் எங்க போயிருக்கப் போறாவ, பொத்தைக்கு இந்தப் பக்கத்துலயே திருப்பியிருப்பாவ. திருப்பியிருப்பாவ. வெளியூர்க்காரவ, அவியளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாவ, சொல்லுததுக்கு யாருக்கு வாய் வரும். தங்கையா சாருக்கு வராது. நயினார் பேர எடுத்தாலே அவிய கண்ணாடியக் கழட்டித் தொடைப்பாவ, தொடச்சுட்டு மறுபடியும் அதே கண்ணாடியத் தொடைப்பாவ. அன்னைக்கு நான் போயி நின்னப்பவும் அப்படித்தான். சனிக்கெழம தோறும் பயலுவ மைதானத்துல லாடம் மாதிரி வளஞ்சு நிப்பானுவ, நடுவுல கொடிக்கம்பம். நயினார் போன பெறவும் அவன் நின்ன எடத்த யாரும் அடைக்கல, ஒரு ஆளு அகலத்துக்கு விட்டுட்டு நின்னானுவ. நான் டியூசனுக்குப் போறப்ப ரோட்டுல இருந்து பாப்பேன். பல்லு விழுந்த எடத்த நாக்கு போய்ப் போய்த் தொடும்லா, அந்த மாதிரி என் கண்ணு அங்கனயே போகும். ஒரு சனிக்கெழம அவன் சட்டையப் போட்டுட்டுப் போயி அந்த எடத்துல நின்னுட்டேன். பயலுவ எல்லாம் தலையக் குனிஞ்சுக்கிட்டானுவ. சார் கண்ணாடியத் தொடச்சுட்டு, தோள நிமுத்துன்னு மட்டும் சொன்னாவ.

அம்மைதான் ஏசுனா. சட்டையக் கழட்டுடின்னு கையத் தூக்கிட்டு வந்தா, பெறவு அடிக்கல, கொடியில கெடந்த துண்ட எடுத்து மூஞ்சியப் பொத்திக்கிட்டா. ஒரு வாரம் கழிச்சு, நான் சட்டையத் தொவைக்கப் போடயில, வாசல்ல உக்காந்து கீரை ஆஞ்சுக்கிட்டே, என் பக்கம் பாக்காம சொன்னா. “அதுல அவன் வேர்வ வாடை இருந்துச்சு. நீ போட்டுப் போட்டு உன் வாடையாப் போச்சு.”  நான் சட்டைய வாளியில முக்குனேன். பெறவு ஒவ்வொரு பேட்ஜா அம்மையேதான் தச்சுத் தருதா, சின்னச் சின்னத் தையலா, பல்லால நூலக் கடிச்சு. ஆனா சட்டைய மோந்து பாக்குதத நிப்பாட்டிட்டா. இப்ப இந்த வெயில்ல எனக்கே என் வாடை வருது, உப்பும் சோப்பும் தேங்காண்ணையும். அவன் எங்க போனான் இதுக்குள்ள இருந்து. அவன் செத்தப்ப இந்தச் சட்டை தண்ணியத் தொடவே இல்ல, அதத்தான் என்னால தாங்க முடியல. மடிச்சு வச்சிருந்தான். எங்க வீட்டுல ஒரு நாளும் ஒரு துணிய மடிக்காதவன், பாறை மேல சட்டைய மடிச்சு, அது மேல ஸ்கார்ப மடிச்சு, பக்கத்துல ஷூவ ஜோடியா வச்சுட்டுப் போயிருக்கான். சாரணன் ஒழுங்கா இருக்கணும்லா, வெளங்கும்.

பாறை மேல அம்பு. பொத்தையில ஏறச் சொல்லுது. ஏறுதேன். பனை ஓலை காத்துல சரசரங்கு, யாரோ தாளக் கசக்குத மாதிரி. திரும்பாத. அன்னைக்கும் இந்த மாதிரி ஒரு முற்பகல்தான், தடம் போடுதது நயினார் மொற, பயலுவ தடம் பாத்துப் போறது. கடைசி அடையாளம் என்னன்னு எல்லாச் சாரணனுக்கும் தெரியும், ஒரு வட்டம், நடுவுல ஒரு புள்ளி, நான் வீட்டுக்குப் போயிட்டேன்னு அர்த்தம். அதப் பாத்தா வெளையாட்டு முடிஞ்சது, அவனவன் அவனவன் வீட்டுக்குப் போயிரலாம். பாத்தானுவ. சிரிச்சானுவ, கை தட்டுனானுவ, மாங்காயில உப்புத் தொட்டுத் தின்னுக்கிட்டே எறங்கி வீட்டுக்குப் போயிட்டானுவ. அந்த வட்டம் போட்ட பாறைக்கு அந்தப் பக்கம்தான் சட்டை இருந்துச்சு, ஷூ இருந்துச்சு. ரெண்டு எட்டு வச்சிருந்தாத் தெரிஞ்சிருக்கும். வைக்க மாட்டானுவ, ஏன் வைக்கணும், வீட்டுக்குப் போயிட்டேன்னு அவனே எழுதி வச்சிருக்கான்லா. எங்க வீட்டுல நாங்க என்ன நெனச்சோம், இன்னும் வெளையாட்டு முடியல போலன்னு நெனச்சோம். அவன் தட்டுல சோறு போட்டு இன்னொரு தட்டால மூடி வச்சிருந்தா அம்மை. அங்க எல்லாரும் அவன் வீட்டுல இருக்கான்னு நெனச்சாவ, வீட்டுல எல்லாரும் அவன் அங்க இருக்கான்னு நெனச்சோம். சாயங்காலம் மாடு திரும்புத நேரம் வரைக்கும் ஒருத்தரும் அவனத் தேடல. ஆடு மேய்க்கவங்க யாரோ ஷூவப் பாத்துட்டு வந்து சொன்னாங்க. மூடுன தட்டத் தொறந்தா சோத்துக்கு நடுவுல ஊறுகாத் துண்டு. வட்டம், நடுவுல புள்ளி.

அதுல இருந்து இந்தச் சவம் எங்க பாத்தாலும் தெரியுது. கெணத்துல மெதக்க வாளி. அடுப்பு மேல தோசக்கல்லுல முதல்ல விழுத மாவு. கணக்கு வாத்தியார் காம்பஸ ஊனி வட்டம் போட்டாவன்னா நான் ஜன்னலப் பாப்பேன். நெத்தியில பொட்டு வச்சுக் கண்ணாடியப் பாத்தா என் மூஞ்சியே அதுதான், அதான் பொட்டச் சின்னதாக்கிச் சின்னதாக்கிக் கடைசியில வைக்கதையே விட்டுட்டேன், அம்மை அதுக்கும் ஏசுதா. எங்க படையில அந்த அடையாளத்த அன்னையில இருந்து யாரும் போடுததில்ல. போடக் கூடாதுன்னு யாரும் சொல்லல, அதுவா நின்னுபோச்சு. எங்களுக்குத் தடம் முடியுத எடத்துல ஒரு ஆளு நிப்பான், வந்தவன் வந்துட்டேன்னு சொல்லணும், நிக்கவன் பாத்துட்டேன்னு சொல்லணும், பெறவு ரெண்டு பேருமாச் சேந்துதான் எறங்கணும். மத்த பள்ளிக்கூடத்துப் பயலுவ கண்டா சிரிப்பானுவ, இது என்ன எழவு கண்ணாமூச்சின்னு. சிரிக்கட்டும். ரெண்டு வருசமா நான் பாத்த எல்லாத் தடத்தோட முடிவுலயும் உசுரோட ஒரு ஆளு நின்னான். முக்கால்வாசித் தடவ நின்னது ஆசீரண்ணன்.

ஆசீரண்ணன்தான் கழுகு அணிக்கு லீடர், பன்னெண்டாங்கிளாசு. நயினாரும் அவனும் ஒரே பெஞ்சு. அன்னைக்கு வட்டத்த முதல்ல பாத்தது அவன்தான், லேய் வீட்டுக்குப் போயிட்டாம்லேன்னு சத்தம் போட்டது அவன்தான், பயலுவ சொல்லிக் கேட்டிருக்கேன், அவன் வாயில இருந்து கேட்டதில்ல. நான் ஒரு தடவ கேக்கணும்னு வாயத் தொறந்தேன். கயித்துல முடிச்சுப் போடச் சொல்லித் தந்துக்கிட்டு இருந்தான், இடுப்பச் சுத்தி ஒத்தக் கையால போடணும், தண்ணியில கெடக்கவன இழுக்கதுக்கு உள்ள முடிச்சு. என் மூஞ்சியப் பாத்ததும் கயித்தக் கீழ போட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போயிட்டான். சரி, கேக்க வேண்டாம்னு விட்டுட்டேன். கேக்கணும்னு நெனச்சது என்ன. நீங்க எல்லாம் பாறைக்கு இந்தப் பக்கம் சிரிச்சுக்கிட்டு நின்னப்ப அந்தப் பக்கம் ஏதாவது சத்தம் கேட்டுச்சா. அவ்வளவுதான். நயினாருக்கு நீச்சல் தெரியும், ஆத்துல அக்கரைக்கும் போவான். கல்லுக்குழித் தண்ணி ஆத்துத் தண்ணி மாதிரி இல்ல, மேல சுடும் கீழ ஐஸா இருக்கும், புடிச்சு ஏற ஒரு வேரு கெடையாது, அறுத்த பாறை கண்ணாடி மாதிரி வழுக்கும். அப்பம் கொஞ்ச நேரம் கத்தியிருப்பான்லா. இல்ல, ஒளிஞ்சு இருந்து இவனுவள ஏமாத்தலாம்னு சத்தம் போடாம இருந்தானா. இல்ல, அப்பமே முடிஞ்சு போச்சா. இதுல ஏதாவது ஒண்ணு எனக்குத் தெரிஞ்சா மத்த ரெண்டும் என்னய விட்டுரும். ஆசீரண்ணனுக்கு அப்பம் நீச்சல் தெரியாது. பெறவு கத்துக்கிட்டான், விடியக்காலம் ஆத்துக்குப் போயிருவான், மழையானாலும் போவான், கண்ணு ரெண்டும் எப்பவும் செவந்தே இருக்கும்.

பொத்தை உச்சி. புல்லு முடிச்சு. அந்தப் பக்கம் எறங்கச் சொல்லுது. எறங்கச் சொல்லுதுன்னா எறங்கணும், சாரணன் தடத்தோட வாதாட மாட்டான், சாரணன்தான், டெஸ்ட் அட்டையில அவன் இவன்னுதான் அச்சடிச்சிருக்கு, இந்தச் சாரணன் தன் கடமைய, அவன் தன் அணிய, அதுக்குக் கீழ என் பேரு. வேகமா எறங்குதேன். நேரம் இருக்கு, சங்குக்கு இன்னும் நேரம் இருக்கு, பாத்துட்டு ஓடுனாப் போய்ச் சேந்துரலாம். முள்ளுக்கம்பி போட்டிருந்தாவ பஞ்சாயத்துல, ஆடு போறதுக்காக யாரோ அறுத்து விட்டிருக்காங்க. எச்சரிக்கைப் பலகை மல்லாக்கக் கெடக்கு. அந்தப் பாறை. அதே பாறை. நான் இதுக்கு முன்ன இங்க வந்ததில்ல, ஆனா தெரியும். முதுகு மாதிரி வளஞ்சு ஆள் உசரத்துக்கு நிக்கு, அதுல புதுச் சுண்ணாம்புல, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். நடுவுல ஒரு புள்ளி.

பாத்துட்டேன். முடிஞ்சது. திரும்பு. திரும்பி ஓடு, மைதானத்துல போயி நின்னு சல்யூட் அடிச்சு, தடம் முடிஞ்சது சார், வட்டமும் புள்ளியும் சார், கல்லுக்குழிப் பாறை சார்னு சொல்லு, விருது உனக்கு. கண்டதும் திரும்பணும், அதான் சட்டம், அந்தச் சட்டத்துல ஒரு தப்பும் இல்ல. இந்தப் பாறைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல. மாவட்டத்து சாரு காலையிலேயே வட்டத்தப் போட்டுட்டு எறங்கி வந்து இட்லி சாப்பிட்டுட்டு, வேப்பமரத்தடியில நாற்காலி போட்டு உக்காந்திருக்காவ. நான் என் கண்ணால பாத்தேன். வீட்டுக்குப் போயிட்டேன்னு எழுதுன ஆளு நல்லாப் பத்திரமா இருக்காரு. அப்பம் ஏன் நிக்கேன். நிக்காத, நின்னாத்தான் அது வருது. வந்துருச்சு. பின்னால இல்ல இப்ப, முன்னால, பாறைக்கு அந்தப் பக்கம், யாரோ வாய மூடிக்கிட்டு இருக்க மாதிரி. நான் இப்ப திரும்பிப் போனா, இதப் பாத்துட்டுத் திரும்பிப் போன ஆளுவள்ல நானும் ஒருத்தி. வெவரம் தெரிஞ்சவங்க யாரும் என்னயக் குத்தம் சொல்ல மாட்டாங்க, அன்னைக்கு இவனுவளையும் யாரும் குத்தம் சொல்லல. கோட்டி, போ, ரெண்டு எட்டுத்தான, பாத்துட்டு வந்துரு, ரெண்டு எட்டுல என்ன நேரம் ஆயிரப் போவுது. கால் போகல. எடது குதிங்கால்ல நச நசங்குது, ரத்தமாத்தான் இருக்கும். பெறவு எப்பிடியோ கால் போச்சு.

யாரும் இல்ல. சோப்புத் தாளு, ஒடஞ்ச பாட்டிலு, ஆட்டுப் புழுக்கை. தட்டையா ஒரு எடம், சட்டைய மடிச்சு வைக்கதுக்குன்னே இருக்க மாதிரி. அதுக்குக் கீழ ஒரு படி அளவுக்குப் பாறை தண்ணியத் தொட்டுக்கிட்டுக் கெடக்கு. தண்ணி பச்சையா, அசையாம. நான் இத இருட்டா நெனச்சுருந்தேன், சத்தமா நெனச்சுருந்தேன், இது சும்மா வெயில்ல கெடக்கு, ஒரு தட்டான் அது மேல உக்காந்து உக்காந்து எந்திரிக்கு. ஷூவக் கழட்டுனேன், இனி ஒரு எட்டு இதோட வைக்க முடியாது, சாக்ஸ் ஒட்டிக்கிடுச்சு, இழுக்கயில உசுரு போயிட்டு வந்துச்சு. தட்டையான எடத்துல ஷூவ வச்சுட்டு, கீழப் பாறையில எறங்கி, ஓரமா நெழல் இருந்த பக்கம் ஒதுங்கி உக்காந்து, கால நனச்சேன். மேல சூடு, கீழ ஐசு. ஊர்ல சொன்னது சரிதான். அண்ணேன்னு கூப்பிட்டேன். அழணும்னு கூப்பிடல, அன்னைக்கு யாரும் கூப்பிடலலா, ஒருத்தராவது கூப்பிட்டதா இருக்கட்டும்னு கூப்பிட்டேன். எதுத்த பாறை ‘ண்ணே’ன்னுச்சு. அம்புட்டுத்தான். உக்காந்துட்டேன். எந்திரிக்கணும் எந்திரிக்கணும்னு நெனச்சுக்கிட்டே உக்காந்திருக்கேன், தட்டானப் பாத்துக்கிட்டு, கால்ல இருந்து ரத்தம் புகையா எறங்குததப் பாத்துக்கிட்டு, அப்பம்தான் மில்லுச் சங்கு ஊதுச்சு. நீளமா ஊதுச்சு. ஊதட்டும். அந்த மேடை, கை தட்டு, எல்லாம் அந்தச் சத்தத்தோட ஊருக்கு மேல பறந்து போச்சு. எனக்கு அது வேணும்னு இருந்துச்சு, இப்பவும் வேணும். ஆனா எந்திரிக்க வரல.

விசில் கேக்கு. தூரத்துல, விட்டு விட்டு, கழுகு அணி விசில். இந்த விசில நான் ரெண்டு வருசமாக் கேக்கேன், தூங்கப் போறப்ப கேக்கும், பரீட்ச ஹால்ல கேக்கும், இதுக்கெல்லாம் நான் பதில் சொல்லுததில்ல. இன்னும் கிட்ட கேக்கு. பெறவு காலடி. பின்னால ஒருத்தன் நடக்க மாதிரி இல்ல, பொத்தையில இருந்து கல்லு உருள உருள ஒரு கூட்டமே ஓடி வருத மாதிரி, பிரம்மு, ஏட்டி பிரம்முன்னு தொண்ட கிழிய. இது என் மண்டைக்குள்ள இருக்க சத்தம் இல்ல. சங்கு ஊதுன மறு நிமிசமே கெளம்பியிருக்கானுவ, தடத்துக்குள்ள வந்துட்டானுவ, கோட்டிக்காரப் பயலுவ, வந்தா டெஸ்ட் செல்லாதுன்னு தெரியாதா இவனுவளுக்கு, தெரியும், எல்லாவனுக்கும் தெரியும். பின்னால எங்கேயோ மாவட்டத்து சார் சத்தமும் கேக்கு, யாரு உங்கள உள்ள போகச் சொன்னது, இது செல்லாது, செல்லவே செல்லாதுன்னு மூச்சு வாங்கிக்கிட்டு. நான் இங்கன இருக்கேன்னு சொல்ல வாயத் தொறக்கேன், தொண்டையில காத்துத்தான் வருது. மேல பாறைக்கிட்ட ஒரு ஆளு வந்து நின்னான். ஆசீரண்ணன். நெழலுக்குள்ள இருக்க என்னய அங்க இருந்து பாத்தாத் தெரியாது. ஷூதான் தெரியும். அதே எடத்துல, அதே ஷூ, ஜோடியா. நான் ஜோடியா வச்சிருக்கக் கூடாது. அவன் சத்தம் போடல. சட்டையக் கழட்டல, ஷூவக் கழட்டல, தொப்பியோட அப்படியே குதிச்சான்.

தண்ணி என் மேல தெறிச்சுச்சு. முங்குனான், வந்தான், முங்குனான், வருதப்ப எல்லாம் கை ரெண்டும் எதையோ தேடிக்கிட்டே வந்துச்சு. பயலுவ மேல வந்து நின்னு என்னயப் பாத்துட்டானுவ, ஒருத்தன் அழுதான், ஒருத்தனும் கீழ எறங்கல. நான் எந்திரிச்சு நின்னேன், எங்க இருந்து வந்துச்சோ சத்தம், ஆசீரண்ணே நான் இங்கன நிக்கேன்லா, ஒண்ணும் இல்ல, ஷூ கடிச்சுச்சு அதான் கழட்டுனேன், இங்கன பாருங்கன்னு கத்துனேன். அவன் தலைய வெளிய தூக்கி, கண்ணுல தண்ணிய வழிச்சு விட்டுட்டு, நான் நிக்க எடத்த நேராப் பாத்தான். நல்லாப் பாத்தான். வந்துட்டேன்னு சொன்னேன், பாத்துட்டேன்னான், எங்க வழக்கம் அதான். பெறவு மூச்ச இழுத்துப் புடிச்சு இன்னொரு தடவ முங்குனான், இந்தத் தடவ என்னயத் தேடி இல்ல.